நன்றாகப் பாடும் பழைய சிடி-ஆர் தகடுகளையே முதலில் காப்பாற்ற வேண்டும்

கேட்கப்பட்டது இது: 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் வீட்டுக் கணினியிலும் தனி ஆடியோ ரெக்கார்டரிலும் பதிந்த சிடி-ஆர் தகடுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. மேடை நிகழ்ச்சிகள், ஒத்திகைகள், நண்பர்கள் பாடியவை, கடைச் சிடிகளின் நகல்கள், எம்பி3 தொகுப்புகள் என்று எல்லாம் கலந்து கிடக்கின்றன. பெரும்பாலானவை நன்றாகப் பாடுகின்றன. சில தகடுகள் கடைசிப் பாடல்களில் தடுக்குகின்றன. சிலவற்றைக் கணினி கண்டுகொள்வதே இல்லை. எதில் தொடங்குவது, எப்படி மீட்பது, மீட்டதை எப்படி வைத்துக்கொள்வது?

பாடாமல் போன தகடுகளின் மேல்தான் மனம் முதலில் போகும். அவற்றை உறையிலிட்டு, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, நன்றாகப் பாடுகிறவற்றை முதலில் நகலெடுங்கள் என்பதே என் பதில். ஏற்கெனவே படிக்க முடியாமல் போன தகடு, சரியாக வைத்திருந்தால், இன்னும் சில வாரங்களில் பெரிதாக மோசமாகிவிடாது. அதை மீட்கப் பொறுமையும் பல டிரைவுகளும் வேண்டும். பிழைத்திருத்தத்தின், அதாவது படிக்கும்போது விடுபடும் தகவலைத் தானே சரிசெய்துகொள்ளும் ஏற்பாட்டின், எல்லையில் நின்றபடி இன்று சுத்தமாகப் பாடும் தகடோ, அந்த எல்லையை என்றைக்குத் தாண்டும் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. பிடிவாதமான ஒரு தகட்டோடு ஒரு மாதத்தைச் செலவழிக்கும் நேரத்தில், எளிதாக நகலெடுத்திருக்கக்கூடிய பல தகடுகள் கை நழுவிப் போவதுதான் உண்மையான இழப்பு.

நன்றாகப் பாடுகிறவற்றுக்குள்ளும் ஒரு வரிசை உண்டு. உலகில் வேறெங்கும் பிரதி இல்லாத பதிவுகள், அதாவது ஒத்திகையும் மேடைப் பதிவும் வீட்டில் பாடியதும், முதலில் வரட்டும். கடைச் சிடியின் நகல் போனால் அந்த இசைக்கு எங்கோ இன்னொரு பிரதி இருக்கும். ஒத்திகையில் பாடியவரின் குரல் அந்தத் தகட்டில் மட்டுமே இருக்கிறது.

இந்தத் தகடுகள் ஏன் கெடுகின்றன என்பது தெரிந்தால், மேலே சொன்ன அவசரத்தின் காரணமும் புரியும். தொழிற்சாலையில் அச்சிடப்படும் சிடியில் தகவல் பள்ளங்களாகவே பாலிகார்பனேட்டில் பதிந்திருக்கிறது. 1988-இல் வந்த சிடி-ஆர் தொழில்நுட்பத்தில் அந்தப் பள்ளங்களின் வேலையை ஒரு கரிமச் சாயம் செய்கிறது. எழுதும் லேசர் அந்தச் சாயத்தைச் சுடும் இடங்களில் அதன் தன்மை மாறி, அங்கிருந்து வெளிச்சம் குறைவாகத் திரும்பி வருகிறது. படிக்கும் லேசர், 780 நானோமீட்டர் அலைநீளத்தில், அந்த வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. காலம் போகப்போக, குறிப்பாக வெயிலும் வெப்பமும் ஈரப்பதமும் படும்போது, சுடப்படாத சாயமும் மாறத் தொடங்குவதால் சுட்ட இடத்துக்கும் சுடாத இடத்துக்கும் உள்ள வேறுபாடு மங்குகிறது. சயனைன் சாயம் வெளிச்சத்தை அவ்வளவாகத் தாங்காது. தாலோசயனைன் அதைவிட நன்றாகத் தாங்கும். அடர்நீலமாகத் தெரிவது பெரும்பாலும் அசோ சாயம். ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து ஒரு தகட்டின் ஆயுளைக் கணிக்க முடியாது, ஏனெனில் எந்த டிரைவில், என்ன வேகத்தில், எவ்வளவு நேர்த்தியாக எழுதப்பட்டது என்பதும் அதே அளவு முக்கியம். எழுதிய நாளிலேயே பிழைகள் மலிந்திருந்த தகடுகள் ஏராளம்; புதிய பிழைகளைத் தாங்கும் கையிருப்பு அவற்றுக்குத் தொடக்கத்திலேயே குறைவு.

சாயத்தின் மேல் வெள்ளி, வெள்ளிக் கலவை அல்லது தங்கத்தாலான பிரதிபலிப்புப் படலம் இருக்கிறது. அதன் மேல் சில மைக்ரோமீட்டர் கனமுள்ள அரக்குப் பூச்சு, அதற்கும் மேல் நாம் பெயர் எழுதும் பரப்பு. ஆக, லேசர் நுழையும் பக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவலாக நிற்கிறது. நாம் கவலையே இல்லாமல் மேசையில் தேய்க்கும் பெயர்ப் பக்கத்தில்தான் இசை ஏறக்குறைய வெளிப்பரப்பிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் விழும் ஆழமான கீறல் படலத்தையே சுரண்டிவிடும். அதை எந்த மெருகும் திருப்பித் தராது. அந்தப் பூச்சின் வழியே கந்தகம் கலந்த காற்றோ, காகித உறையின் வேதிப்பொருளோ, கடினமான கரைப்பான் உள்ள மார்க்கர் மையோ ஊடுருவினால் வெள்ளி கறுத்துப்போகும். தங்கம் அப்படிக் கறுப்பதில்லை. காப்பக வேலைக்கென்று விற்கப்பட்ட தகடுகளில் தங்கம் இருந்ததற்கு இதுவே காரணம். டிவிடி-ஆர் தகட்டில் சாயமும் படலமும் தலா 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பாலிகார்பனேட் தட்டுகளுக்கு நடுவே ஒட்டப்பட்டிருப்பதால் பெயர்ப் பக்கக் கீறல் அங்கே அவ்வளவு ஆபத்தில்லை. அங்கே ஒட்டுப் பசை விட்டுப்போவதுதான் கவலை.

இனி, இந்தப் பதிலில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். ஓர் ஆடியோ சிடி தன் காயங்களைக் காட்டாது. ஒலியின் ஒவ்வொரு 24 பைட்டுக்கும் 8 பைட் பிழைத்திருத்தத் தகவல் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. அவையும் ஒரே இடத்தில் இல்லாமல் தடத்தின் நீளத்தில் பிரித்துப் பரப்பப்பட்டிருக்கின்றன. இதனால் தடத்தின் வழியே ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் வரை தொடர்ந்து தகவல் அழிந்தாலும் அதை முழுமையாக, ஒரு பிட் மாறாமல், மீட்டுவிட முடியும். அந்த அளவைத் தாண்டியதும் பிளேயர் இன்னொரு வேலையைச் செய்கிறது: தொலைந்த மதிப்புக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றை வைத்து நடுவில் ஊகித்து இட்டு நிரப்புகிறது. காதுக்கு எதுவும் தெரியாது. அதுவும் முடியாமல் போகும்போதுதான் சொடுக்கும் தடுக்கலும் கேட்கத் தொடங்கும். அதாவது, நீங்கள் தடுக்கலைக் கேட்கும் நாளில் அந்தத் தகடு பல கட்டங்களைத் தாண்டி வந்திருக்கிறது. கோப்புகளாக எழுதப்பட்ட தரவுத் தகட்டில், தகவல் பிரித்து எழுதப்படும் சிறு துண்டான செக்டர் ஒவ்வொன்றிலும் உள்ள 2,352 பைட்டில் 2,048 பைட்டே தரவு; மீதியில் இன்னொரு அடுக்குப் பிழைத்திருத்தமும் அடங்கியிருப்பதால், அது ஒன்று சரியாகப் படிக்கும், இல்லையேல் படிக்க முடியவில்லை என்று சொல்லிவிடும். ஆடியோ தகட்டில் அந்த இரண்டாவது அடுக்கு கிடையாது. 2,352 பைட்டும் ஒலிதான். ஆகவே "நகலெடுத்தாயிற்று, கேட்கவும் நன்றாக இருக்கிறது" என்பது ஆடியோ சிடியைப் பொறுத்தவரை எதற்கும் சான்றாகாது.

நகலெடுக்கும் முன் தகட்டை ஒரு முறை பாருங்கள். பெயர்ப் பக்கம் உங்களைப் பார்க்க, பின்னால் ஒரு விளக்கு இருக்கும்படி தகட்டைத் தூக்கிப் பிடித்தால், படலம் அழிந்த இடங்கள் ஊசித் துளைகளாக வெளிச்சம் விடும். பிறகு திருப்பி, சாய்வாக வெளிச்சம் விழும்படி பார்த்தால், நடுவிலிருந்து எவ்வளவு தூரம் எழுதப்பட்டிருக்கிறது என்பதும், வெளி விளிம்பில் நிறம் வெளிறியிருக்கிறதா என்பதும் தெரியும். சிடியில் தடம் உள்ளிருந்து வெளியே சுருளாகப் போகிறது. கெடுதல் பெரும்பாலும் விளிம்பில் தொடங்குகிறது. கடைசிப் பாடல்கள் முதலில் தடுக்குவதன் காரணம் இதுதான். தூசியோ கைரேகையோ இருந்தால், காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. நேராக விழும் மெல்லிய கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம் மட்டுமே குறுக்கிடும், பிழைத்திருத்தம் அதைச் சமாளித்துவிடும்; வட்டமாக விழும் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடி, தொடர்ச்சியாக ஒலியைத் தின்னும். பெயர்ப் பக்கத்தை ஆல்கஹால் கொண்டு தொடவே வேண்டாம். ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தால் அது எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் உரிக்காதீர்கள்; தாளோடு படலமும் உரிந்து வந்துவிடும்.

நகலெடுக்க, பிழையைக் கண்டுபிடிக்கும் நோக்கத்தோடு எழுதப்பட்ட மென்பொருளே வேண்டும். விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி அல்லது டிபிபவர்ஆம்ப், மேக்கில் எக்ஸ்எல்டி, லினக்ஸில் சிடிபாரனோயாவும் அதன் மேல் கட்டப்பட்டவையும் இந்த வேலைக்கு உரியவை. இவற்றில் பாதுகாப்பான முறையைத் தேர்ந்தால், மென்பொருள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, விடைகள் ஒத்துவருகின்றனவா என்று பார்த்து, ஒத்துவராத இடத்தின் நேரத்தைப் பதிவேட்டில் எழுதிவைக்கும். டிரைவ் தன் தற்காலிக நினைவகத்திலிருந்தே பழைய விடையைத் திருப்பித் தந்துவிடாமல் இருக்க, அந்தத் தற்காலிக நினைவகத்தைச் சமாளிக்கும் அமைப்பும் இயக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு முறை சோதனையாகவும் இன்னொரு முறை நகலாகவும் படித்து, இரண்டின் சரிபார்ப்பு எண்ணும் (உள்ளடக்கத்திலிருந்து மென்பொருள் கணக்கிடும் எண்) ஒன்றாக இருந்தால்தான் அந்தப் பாடலை முடிந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். கடைச் சிடியின் நகலாக இருந்தால் இன்னொரு வசதி உண்டு: கியூடூல்ஸ் என்ற மென்பொருளின் தரவுத்தளத்தில் அந்தச் சிடி ஏற்கெனவே இருந்தால், அங்குள்ள மீட்புத் தகவலைக் கொண்டு சிறிய பிழைகளை நிஜமாகவே திருத்திவிட முடியும். சொந்தப் பதிவுகளுக்கு ஒப்பிட எந்தத் தரவுத்தளமும் கிடையாது. உங்கள் இரண்டு வாசிப்புகள்தான் ஒன்றுக்கொன்று சாட்சி.

அந்தச் சாட்சியை எப்படி விசாரிப்பது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பாடலின் 3 நிமிடம் 12 வினாடி அருகே சந்தேகம் என்று பதிவேடு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பாடலை வேறு நிறுவனம் செய்த இன்னொரு டிரைவில் படித்து, இரண்டு கோப்புகளையும் ஒடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திறக்கவும். ஒவ்வொரு வகை டிரைவும் ஒலியைச் சற்று நகர்த்திப் படிக்கும், ஒன்று 6 ஒலி மாதிரிகள் (ஒலி அலையின் ஒரு கணத்து அளவீடே ஒரு மாதிரி) நகர்ந்திருக்கும், மற்றொன்று 667 மாதிரிகள் நகர்ந்திருக்கும். ஆகவே முதலில் அவற்றைத் துல்லியமாக நேர்செய்ய வேண்டும். பிறகு ஒன்றின் அலை வடிவத்தை மேல்கீழாகத் திருப்பி மற்றதோடு கலந்தால், இரண்டும் ஒத்த இடமெல்லாம் முழு மௌனமாகிவிடும். மாறுபட்ட இடத்தில் மட்டும் ஒரு சிறு முள் எழும்பி நிற்கும். ஒரு செக்டர் வினாடியில் 75-இல் ஒரு பங்கு, அதில் 588 ஸ்டீரியோ மாதிரிகள். முள் அதற்குள்ளேயே அடங்கியிருப்பதைப் பலமுறை பார்க்கலாம். எந்த டிரைவின் அலை வடிவம் இயல்பாகத் தொடர்கிறது, எதில் திடீர் நேர்கோடு தெரிகிறது என்று பெரிதாக்கிப் பார்த்தால், எது உண்மை, எது ஊகம் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். மூன்றாவது டிரைவ் கிடைத்தால் தீர்ப்பு உறுதியாகும்.

டிரைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிடி எழுதுவது பரவலாக இருந்த காலத்தில் செய்யப்பட்ட, மேசைக் கணினிக்கான முழு அளவு டிரைவுகள், பின்னாளில் வந்த மெல்லிய மடிக்கணினி டிரைவுகளைவிடப் பல தகடுகளை நன்றாகப் படிக்கின்றன. ஆனால் எந்தத் தகட்டுக்கு எந்த டிரைவ் ஒத்துவரும் என்பதற்கு விதி எதுவும் இல்லை. ஒன்றில் பாதி தாண்டாத தகடு இன்னொன்றில் தடங்கலே இல்லாமல் ஓடிவிடும். அதனால் நல்ல மென்பொருள் ஒன்றைவிட, வெவ்வேறு நிறுவனங்களின் பழைய டிரைவுகள் மூன்று நான்கு கையில் இருப்பது பெரிய பலம். வேகத்தைக் குறைத்தால் பொதுவாக உதவும், பாடும் வேகத்தின் 4 மடங்கு அல்லது 8 மடங்கில் முயலுங்கள். சில டிரைவுகள் மிகக் குறைந்த வேகத்தில் தடுமாறி, நடுத்தர வேகத்தில் சீராகப் படிக்கும். தகடு சுழலும்போது டிரைவ் வேகம் ஏறி ஏறி இறங்கும் ஓசை கேட்டால், அது தடத்தைத் தேடித் தவிக்கிறது என்று பொருள். நிறுத்திவிட்டு வேறு டிரைவுக்கு மாற்றுவது நல்லது.

பாடல் பாடலாகத் தனித்தனியே எழுதிய தகடுகளில் ஒரு சிறு குழப்பம் வரும். அந்த முறையில் ஒவ்வொரு பாடலின் முடிவிலும் லேசரை அணைத்து மீண்டும் தொடங்குவதால், அந்த இணைப்பில் சில செக்டர்கள் இயல்பாகவே படிக்கத் தகுதியற்றவை. ஒவ்வொரு பாடலின் கடைசி நுனியிலும் ஒழுங்காகப் பிழை காட்டினால் அது முதுமை அன்று; அங்கே இசையும் இல்லை. அதற்காகத் தகட்டைப் பலமுறை சுழற்றி வருத்த வேண்டாம்.

இனி கணினி கண்டுகொள்ளாத தகடுகள். அவற்றில் ஒரு பகுதி கெட்டவையே அல்ல, முடித்து மூடப்படாதவை. தனி ஆடியோ ரெக்கார்டரில் பதிந்து, ஃபைனலைஸ் செய்யாமல் எடுத்துவிட்டால், உள்ளடக்க அட்டவணை எழுதப்படவேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். சாதாரணப் பிளேயருக்கு அது காலித் தகடுதான். எழுதும் திறனுள்ள டிரைவில் ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள், ரெக்கார்டர் தற்காலிகமாக எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு பாடல்களைக் கண்டெடுத்துவிடும். பதிந்த அதே ரெக்கார்டர் இன்னும் வேலை செய்தால் அதில் போட்டு ஃபைனலைஸ் செய்யலாம் என்று தோன்றும். முதுமையடைந்த தகட்டில் புதிதாக எதையும் எழுதும் முன், படிக்கக் கிடைப்பதையெல்லாம் படித்து எடுத்துவிடுவதே பாதுகாப்பு. உள்விளிம்பில் அட்டவணை இருக்கும் பகுதியே கெட்டுப்போயிருந்தால், ஒலி முழுதாக இருந்தும் தகடு திறக்காது. இங்கேயும் டிரைவை மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வழி. படிக்கும் பக்கத்தில் கீறல் தெளிவாகத் தெரிந்தால், தகுந்த கருவியில் மெருகேற்றுவது பலன் தரும். சாயம் வெளிறிய தகட்டையும் துளை விழுந்த தகட்டையும் மெருகேற்றி ஒரு பயனும் இல்லை.

எம்பி3 போன்ற கோப்புகள் உள்ள தரவுத் தகட்டுக்கு வழி வேறு. அங்கே டிடிரெஸ்க்யூ என்ற தரவு மீட்பு மென்பொருள் மிகச் சிறந்த கருவி. செக்டர் அளவை 2,048 என்று கொடுத்து, முதல் சுற்றில் எளிதாகக் கிடைப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு, அடுத்த சுற்றுகளில் கிடைக்காதவற்றை மட்டும் முயலச் செய்யலாம். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்ற வரைபடத்தை அது ஒரு கோப்பில் வைத்திருப்பதால், அதே தகட்டை வேறு டிரைவில் போட்டு, அதே வரைபடத்தோடு தொடர்ந்தால், முதல் டிரைவ் விட்ட செக்டர்களை மட்டும் இரண்டாவது நிரப்பும். முடிவில் சில செக்டர்கள் கிடைக்காமலே போனாலும் பதற வேண்டாம்: 128 கிலோபிட் எம்பி3 கோப்பில் ஒரு செக்டர் என்பது 0.128 வினாடி ஒலி மட்டுமே. எம்பி3 ஒலி பிரிக்கப்பட்டிருக்கும் துண்டுகளான சட்டகங்கள் குறுகியவை என்பதால் பிளேயர் அடுத்த சட்டகத்தில் மீண்டும் பிடித்துக்கொள்ளும். ஆடியோ சிடிக்கு இந்தக் கருவி பொருந்தாது.

எல்லா டிரைவும் கைவிட்ட ஆடியோ தகட்டுக்கு ஒரு கடைசி வழி உண்டு. நல்ல தனி சிடி பிளேயரில் போட்டு, அதன் டிஜிட்டல் வெளியீட்டைக் கணினியின் டிஜிட்டல் உள்ளீட்டில் இணைத்து, பிளேயரின் நேரக் கணக்கையே கணினி பின்பற்றும்படி அமைத்து, பாடப் பாடப் பதிவு செய்யுங்கள். பிளேயர் நிற்காமல் ஓடுவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. டிரைவ் திணறும் இடத்தை அது ஊகித்து நிரப்பிக்கொண்டு தாண்டிவிடும். கிடைப்பது பிட்டுக்குப் பிட்டு உண்மையாக இராது. ஒன்றுமே இல்லாததைவிட ஊகம் கலந்த பாடல் எவ்வளவோ மேல். ஆனால் அது எப்படி எடுக்கப்பட்டது என்பதைக் கோப்பின் கூடவே எழுதிவையுங்கள்.

மீட்டதை ஃபிளாக் கோப்பாக வையுங்கள். ஒலியில் எதையும் இழக்காமல் அளவை ஏறத்தாழ பாதியாகவோ அதற்குச் சற்று மேலாகவோ சுருக்கும். 80 நிமிட ஆடியோ சிடி சுருக்காமல் ஏறக்குறைய 847 மெகாபைட். அதைவிட முக்கியமானது, ஒலியின் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கோப்புக்குள்ளேயே சுமப்பதால், பல ஆண்டுகள் கழித்தும் ஒரே கட்டளையில் கோப்பு சிதையவில்லை என்று சரிபார்க்க முடியும். கூடவே பாடல்களின் எல்லையைச் சொல்லும் கியூ ஷீட், மென்பொருளின் பதிவேடு, தகட்டின் இரு பக்கங்கள், உறை ஆகியவற்றின் படங்கள் இருக்கட்டும். உறையில் கையால் எழுதிய தேதியும் பெயரும் பல பதிவுகளுக்கு இருக்கும் ஒரே அடையாளம். ஒலியைப் போலவே அதையும் காப்பாற்ற வேண்டும். சொடுக்குகளைச் சரிசெய்ய விரும்பினால் இன்னொரு பிரதியில் மட்டும் செய்யுங்கள். ஒடாசிட்டியின் பழுதுபார்க்கும் கருவி ஒரு நேரத்தில் 128 மாதிரிகள் வரை சுற்றியுள்ள ஒலியைக் கொண்டு நிரப்பும். சிறு சொடுக்குக்கு அது போதும். தொடாத மூலப் பிரதி தனியே இருக்க வேண்டும், ஏனெனில் நாளை இன்னும் நல்ல கருவி வரும்.

பிரதிகள் குறைந்தது மூன்று இருக்கட்டும்: இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்குகளில், மூன்றாவது வேறு கட்டடத்திலோ மேகச் சேமிப்பிலோ. புதிய சிடி-ஆரில் மீண்டும் எழுதிவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒலிக்காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாசா, எழுதத்தக்க ஒளித்தகடுகளை ஒரே காப்புப் பிரதியாக நம்பக் கூடாது என்று பல ஆண்டுகளாகவே எச்சரித்து வருகிறது. கரிமச் சாயம் இல்லாத எம்-டிஸ்க் போன்ற தகடுகள் நான்காவது பிரதியாக இருந்தால் நல்லதே. எதில் வைத்தாலும், ஆண்டுக்கு ஒரு முறையாவது எம்டி5 சரிபார்ப்பை ஓட்டி, கெட்டதை நல்ல பிரதியிலிருந்து மாற்றுங்கள்.

மூலத் தகடுகளை எறிந்துவிடாதீர்கள். தடித்த பிளாஸ்டிக் பெட்டியில், செங்குத்தாக நிறுத்தி, வெளிச்சம் படாமல் வையுங்கள். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி 4 முதல் 20 பாகை செல்சியசும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமும் பரிந்துரைக்கிறது. அந்த எண்களை எட்ட முடியாவிட்டால், வெப்பமும் ஈரமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் இடத்தையாவது தவிருங்கள். பதிவேட்டில் பிழை காட்டிய தகடுகளுக்கு மட்டும் ஓர் அடையாளமிட்டுத் தனியே அடுக்குங்கள். பழைய டிரைவ் ஒன்று புதிதாகக் கைக்கு வரும்போதெல்லாம் முதலில் அந்த அடுக்கைத்தான் அதில் போட்டுப் பார்க்க வேண்டும்.